பவானிசாகரில் இரண்டு நாள்: படகும் மீனும் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டில் நாம் விடுமுறைக்குப் போகிற பெரிய நீர்ப்பரப்புகள் எல்லாம் பாசனத்துக்காகவோ மின்சாரத்துக்காகவோ கட்டி நிறுத்தியவை. வாய்க்காலைத் திறந்தால் தண்ணீர் இறங்கும், நீலகிரியில் மழை பிடித்தால் ஏறும். போன மாதம் அலையடித்த இடத்தில் இந்த மாதம் மாடு மேயும். அதனால் லீவைப் போட்டுவிட்டு அணையைத் தேடக் கூடாது. அணையைப் பார்த்துவிட்டு லீவைப் போட வேண்டும். படகு, மீன், குளியல், குழந்தைகளின் பாதுகாப்பு என்று கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

நான் ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகரை மையமாக வைத்துச் சொல்கிறேன். அணை, பூங்கா, மீன், பக்கத்திலேயே கொடிவேரித் தடுப்பணை என்று இரண்டு நாளுக்குத் தேவையானது எல்லாம் அங்கே இருக்கிறது. வேறு அணைகளுக்குப் போக நினைப்பவர்களுக்கும் பின்னால் ஒரு பகுதி உண்டு.

முதல் வேலை: நீர்மட்டத்தைப் படிப்பது

தினசரிகளின் ஈரோடு, கோவைப் பதிப்புகளில் அணை நிலவரம் வந்துவிடும். அதில் மூன்று எண்கள் இருக்கும்: நீர்மட்டம் அடியில், நீர்வரத்து கன அடியில், வெளியேற்றம் கன அடியில். பெரும்பாலானவர்கள் முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்றையும் பாருங்கள்.

பவானிசாகரின் முழு நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). என் கணக்கில் 85 அடிக்கு மேல் இருந்தால் பார்க்க அழகான ஏரி. அதற்குக் கீழே போகப் போகக் கரை அகன்று சேறு தெரியத் தொடங்கும். அக்டோபர் கடைசி வரை 102 அடியைத் தொட்டதுமே உபரி நீரை ஆற்றில் விட்டுவிடுவார்கள். மேலே வெள்ளம் வந்தால் தாங்க இடம் வேண்டுமல்லவா, அதற்காக. அப்படி ஆற்றில் பெரிய அளவில் தண்ணீர் விட்டிருக்கும் நாளில் கீழே கொடிவேரியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஆக, "அணை நிரம்பி வழிகிறது" என்ற செய்தியைப் பார்த்து உடனே வண்டியைக் கிளப்புகிறவர்கள் அணையைப் பார்க்கலாம், கொடிவேரியில் கால்கூட நனைக்க முடியாது. நிரம்பி, உபரி திறப்பு நின்ற பிறகு வருகிற வாரம்தான் சரியான வாரம்.

வெளியேற்றத்தில் வாய்க்காலுக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். கீழ்பவானி வாய்க்காலில் முதல் போக நன்செய்க்கு ஆகஸ்ட் 15 வாக்கில் திறப்பு, இரண்டாம் போகப் புன்செய்க்கு ஜனவரி வாக்கில் திறப்பு என்பது நெடுநாள் வழக்கம். தண்ணீர் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்பின் நகரும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் வழியெங்கும் நெல், மஞ்சள், வாழை என்று பச்சை கண்ணில் நிற்கும். சத்தியிலோ (சத்தியமங்கலம்) கோபியிலோ (கோபிசெட்டிபாளையம்) தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு போன் போட்டு, "ஏனுங்கண்ணா, வாய்க்கால்ல தண்ணி போகுதுங்களா? ஆத்துல எவ்வளவு வருதுங்க?" என்று கேட்டுவிடுங்கள். பத்திரிகையை விட ஒரு படி மேலான தகவல் கிடைக்கும்.

எந்த மாதம்

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. இதுதான் என் தேர்வு. பருவமழையின் பெரும்பகுதி முடிந்து அணையில் தண்ணீர் நிற்கும், வெயில் கடிக்காது, காற்று அடங்கியிருக்கும். ஈரோட்டுக்குப் பக்கத்திலுள்ள வெள்ளோடு சரணாலயத்துக்கும் அப்போதுதான் பறவைகள் வந்திருக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றைக் குறைவாக நினைக்காதீர்கள். உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதே அந்தக் காற்றில்தான். ஆழியாறு, அமராவதி போன்ற அணைகளில் மதியத்துக்கு மேல் அலை எழும்பும், படகை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் போனால் படகைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஆடி 18 அன்று இந்த ஆற்றங்கரை எல்லாம் ஜனம். கூட்டத்தையும் முளைப்பாரியையும் பார்க்கவென்றே போகலாம், ஓய்வெடுக்கப் போக முடியாது. பங்குனியில் பண்ணாரி அம்மன் குண்டம் (தீமிதி) நடக்கும் நாட்களில் சத்தி சாலை முழுக்க நெரிசலாக இருக்கும், அறையும் கிடைக்காது.

கோடையில் அணை வற்றினால் படகுக்கு ஆகாது. ஆனால் நீர் சுருங்கினால் மீன் ஓரிடத்தில் சேரும், வரத்து நன்றாக இருக்கும். அப்புறம், அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் டணாயக்கன் கோட்டையின் மாதவராயப் பெருமாள் கோயில் தலை காட்டுவதும் நீர்மட்டம் நன்றாக இறங்கிய ஆண்டுகளில்தான். ஒய்சளர் காலத் தளபதி ஒருவர் கட்டிய கோட்டை அது. அணைக்காக ஊரே இடம்பெயர்ந்தது, சாமிகளும் பவானிசாகருக்கு வந்து சேர்ந்தன. நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் நீங்களாக நடந்து போகக் கூடாது. வண்டல் சேறு மேலே காய்ந்தது போலத் தெரியும், கால் வைத்தால் இடுப்பு வரை இழுக்கும். யானை நடமாட்டமும் உண்டு.

போவதும் தங்குவதும்

சத்தியமங்கலத்திலிருந்து பவானிசாகர் சுமார் 16 கிலோமீட்டர். சத்தியிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் பேருந்து உண்டு. தங்குவதற்குச் சத்தியை விடக் கோபிசெட்டிபாளையத்தை நான் விரும்புவேன். விடுதிகளும் உணவகங்களும் அதிகம், கொடிவேரி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, காலையில் வாய்க்கால் கரையோரம் நடக்க அருமையான ஊர்.

கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம், பரிசல், மீன்கடை என எல்லாம் சில்லறை வியாபாரம். குழந்தைகளுக்கு மாற்றுத்துணி இரண்டு செட், தொப்பி, பிடிமானமுள்ள செருப்பு. தின்பண்டத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள், குரங்குகள் விடாது.

முதல் நாள்: மீன் காலை

முதல் நாளை மதியம் தொடங்காதீர்கள். முந்தின இரவே வந்து தங்கிவிட்டு, விடிந்ததும் அணைக்குப் போங்கள்.

இங்கே மீனவர்கள் சாயங்காலம் பரிசலில் போய்ச் செவுள் வலையை விரித்துவிட்டு வருவார்கள். விடியற்காலை போய் எடுப்பார்கள். கரைக்கு வரும் மீன் எடை போட்டு விற்பனைக்கு வருவது காலையில்தான். பத்து மணிக்கு மேல் போனால் பெரிய மீன்கள் கேரளாவுக்கும் பக்கத்து ஊர்களுக்கும் கிளம்பியிருக்கும். அணையில் மீன்பிடி உரிமை மீன்வளர்ச்சிக் கழகம், கூட்டுறவுச் சங்கம், குத்தகைதாரர் என்று ஏதாவது ஓர் ஏற்பாட்டின் கீழேதான் இருக்கும். அதனால் விற்பனை நிலையத்தில் எடை போட்டு வாங்குங்கள். மறைவாக யாராவது கொண்டுவந்து மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்க வேண்டாம். நாள் முழுக்க வலையோடு போராடி முறையாகக் கரை சேர்ப்பவரின் கூலியில்தான் அது கை வைக்கிறது.

என்ன மீன் என்று தெரிந்து வாங்கினால்தான் சுவை. கட்லாவுக்குத் தலை பெரிது, வாய் மேல்நோக்கி இருக்கும். குழம்புக்கு இதன் தலை ஒன்றே போதும். ரோகு சற்று நீளம், துடுப்புகளில் செம்மை தெரியும். மிர்கால் வெள்ளி மினுக்கம், தரையில் மேய்வதால் வாய் கீழே இருக்கும். இந்த மூன்றும் கங்கைப் பகுதி மீன்கள். குஞ்சு பொரித்து நம் அணைகளில் விட்டு வளர்க்கிறார்கள், பவானிசாகரிலேயே அதற்கான பண்ணை இருக்கிறது. சதையில் நுண்முள் உண்டு, எனவே பெரிய மீனாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய மீனில் முள்ளும் பெரிதாகி எடுக்கச் சுலபமாக இருக்கும்.

சின்னக் குழந்தைகளுக்கு ஜிலேபி மீன்தான் (திலாப்பியா). சதையில் நுண்முள் தொல்லை இல்லை. முதுகுத் துடுப்பு மட்டும் ஊசி போலக் குத்தும், சுத்தம் செய்கிறவரிடமே வெட்டச் சொல்லிவிடுங்கள். வறுவலுக்கு இதற்கு இணை இல்லை. விரால் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கெளுத்தியும் ஆராலும் பழகியவர்களுக்கு அமிர்தம், பழகாதவர்கள் முதல் முறையே குழம்பு வைத்துவிட்டு முகம் சுளிக்க வேண்டாம்.

செவுளைத் தூக்கிப் பாருங்கள், நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலே வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால், அந்த நாட்களில் அணை மீனுக்குக் கிராக்கி ஏறும். விலையும் ஏறும், பழைய மீனும் நுழையும். அப்போது செவுளைப் பார்க்காமல் பையை நீட்டாதீர்கள்.

அணை மீனில் மண்வாடை என்று சிலர் ஒதுக்குவார்கள். கல் உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, மோரிலோ புளித்தண்ணீரிலோ கொஞ்ச நேரம் ஊறவைத்து மறுபடி அலசினால் பெரும்பகுதி போய்விடும். வயிற்றுக்குள் இருக்கும் கருப்புத் தோலைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், கசப்பு அதில்தான். அப்புறம் நம் ஊர் முறையில் சின்ன வெங்காயம், கொத்தமல்லி, தேங்காய் அரைத்து விட்டுக் கடலை எண்ணெயில் தாளித்த குழம்பு. முதல் நாள் வைத்து மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றினால் இன்னும் ருசி. தங்குமிடத்தில் சமைக்க வசதி இல்லையென்றால் அணைக்கு வெளியே உள்ள வறுவல் கடைகளுக்குப் போங்கள். மசாலா தடவி அடுக்கியிருப்பதை வாங்காமல், மீனைக் கண்ணால் பார்த்து எடை போட்டு, "அக்கா, இதையே போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். எண்ணெய் கருத்திருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள்.

பிற்பகலில் பூங்கா

வயிறு நிறைந்த பிறகு அணைக்குக் கீழே இருக்கும் பூங்காவுக்குப் போகலாம். ஊஞ்சல், நிழல், சின்னப் படகுத்துறை என்று குழந்தைகளுக்குப் பொழுது போகும். ஆனால் வெளியூர்க்காரர்கள் எதிர்பார்க்கிற மாதிரி அணையின் பெரிய நீர்ப்பரப்பில் சுற்றுலாப் படகு விடுவதில்லை. அது மீனவர்களின் இடம். எதிர்க்கரை 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். பவானி ஆறும் மாயாறும் வந்து கூடுகிற இடம் என்பதால் யானைகள் தண்ணீருக்கு இறங்கும். இந்தக் கரையிலிருந்து, கையில் பைனாகுலரோடு பார்ப்பதே போதும்.

அணையையும் ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். 1948-இல் தொடங்கி 1955-இல் முடித்த மண் அணை இது, சுமார் எட்டுக் கிலோமீட்டர் நீளம். ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் இதை நம்பியிருக்கிறது. நாம் படகு விட்டு விளையாடுவது அவ்வளவு குடும்பங்களின் சோற்றுத் தண்ணீரில். பிளாஸ்டிக் பையையோ பாட்டிலையோ அதில் எறிய யாருக்கும் மனசு வரக் கூடாது.

தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களுக்கு

அணையில் அனுமதி இல்லாமல் தூண்டில் போடுவது முறையல்ல, உரிமை வேறொருவருடையது. மீன்வளத்துறை அலுவலகத்திலோ குத்தகைதாரரிடமோ கேளுங்கள். அதை விடச் சுலபமான வழி, கிராமத்துக் குளம் குட்டை. உள்ளூரில் சொந்தக்காரர் இருந்தால் குளத்தை ஏலம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காரலாம்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். மூங்கில் கழி, நரம்பு, தக்கை, சின்ன ஈயக்குண்டு, சிறிய முள். ஜிலேபிக்கு மண்புழு, கெண்டை வகைக்குக் கோதுமை மாவும் தவிடும் பிசைந்த உருண்டை. காலை எட்டு மணிக்குள், இல்லையென்றால் மாலை நாலு மணிக்கு மேல். நிழல் விழும் கரையாகப் பார்த்து உட்கார்ந்து, தக்கை முழுசாக அமுங்கும் வரை பொறுக்க வேண்டும். குழந்தைகள் முதல் துடிப்பிலேயே இழுத்துவிடுவார்கள். பரவாயில்லை, இரண்டு முறை தவறவிட்டால் கை தானாகப் பழகிவிடும். விரல் நீளத்துக்கும் குறைவான குஞ்சு மாட்டினால் முள்ளைப் பக்குவமாக எடுத்துத் தண்ணீரிலேயே விடச் சொல்லுங்கள்.

ஒரு மீனை மட்டும் யாரும் தொடக் கூடாது. மாயாற்றில் வாழும் திமில் மகசீர் காவிரிப் படுகைக்கு மட்டுமே சொந்தமானது, உலக அளவில் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டது. காட்டாற்றில் பெரிய செதிலோடு மகசீர் வகை எது வந்தாலும் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள்: கொடிவேரியும் பரிசலும்

கொடிவேரிக்கு ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், ஞாயிறு என்றால் இன்னும் முன்பாக. 1125-ஆம் ஆண்டில் கொங்காள்வான் கட்டியதாகச் சொல்லப்படும் தடுப்பணை, இன்றும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தடுப்பணையில் வழிந்து விழும் தண்ணீரில் முதுகைக் கொடுத்து நிற்பதற்காகவே ஜனங்கள் வருகிறார்கள். கம்பி கட்டி விட்டிருக்கும் இடத்துக்குள் மட்டும் குளியுங்கள். அதைத் தாண்டிப் பாறைக்குழிகள் உண்டு, பார்வைக்கு முழங்கால் ஆழம் போலத் தெரியும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ குப்பையும் இலையும் மிதந்து வந்தாலோ, காவலர் சொல்லும் வரை காத்திருக்காமல் கரையேறிவிடுங்கள். மேலே திறந்திருக்கிறார்கள் என்று பொருள். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது இறங்கவே கூடாது. சரிவான கரையில் பிடிக்க ஏதும் கிடைக்காது, நல்ல நீச்சல்காரர்களையே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

பரிசலில் ஏறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மூங்கில் பின்னி, முன்பு தோலும் இப்போது ஷீட்டும் தாரும் போட்டுச் செய்கிற வட்டக்கூடை அது. விளிம்பில் கால் வைத்தால் சாயும். பரிசல்காரர் பிடித்துக்கொண்ட பிறகு நடுவில் கால் வைத்து, உடனே உட்கார்ந்துவிடுங்கள். எடை அதிகமானவர்கள் எதிரெதிரே இருக்க வேண்டும். அவர் "அண்ணா, நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்றால் தட்டாமல் நகருங்கள். அவர் சுழற்றிக் காட்டும்போது எழுந்து படம் எடுக்க நினைக்காதீர்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாத பரிசலில் ஏற வேண்டாம். குழந்தைக்குப் போட்டதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது அளவில்லாத ஜாக்கெட், வேறு கேளுங்கள். குடித்தவர்கள் உங்கள் பரிசலில் ஏறினால் நீங்கள் இறங்கிவிடுங்கள்.

பவானிசாகர் சரியில்லாத வாரத்தில்

படகுதான் முக்கியம் என்றால் ஆழியாறு. பொள்ளாச்சியிலிருந்து அரைமணி நேரம், அணைக்குப் பின்னால் மலை, படகுத்துறை, மீன் வறுவல், அப்புறம் வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நின்று கீழே அணையைப் பார்த்தால்தான் அதன் முழு உருவம் தெரியும்.

அமராவதிக்குக் குழந்தைகளை முதலைப் பண்ணைக்காகக் கூட்டிப் போகலாம். 90 அடி அணை, 1957-இல் கட்டியது. பண்ணையில் மட்டுமல்ல, அணையிலும் முதலைகள் வாழ்கின்றன. அங்கே கரையில் கை கழுவக்கூடக் குனிய வேண்டாம்.

குறைந்த செலவில் ஒரு மாலைப்பொழுது போதும் என்றால் சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டி. காவிரியில் கதவணை தேக்கிய தண்ணீரில், எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு மோட்டார் படகு போய்வரும். சந்தைக்குப் போகிறவர்களோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து போகிற அந்தப் பயணம் எனக்கு எந்த உல்லாசப் படகையும் விடப் பிடிக்கும். பராமரிப்புக்காகக் கதவணையைத் திறந்துவிட்டால் சில வாரம் படகு ஓடாது, விசாரித்துவிட்டுப் போங்கள்.

பில்லூர் அணையின் பின்நீரில் பரளிக்காடு, வனத்துறை நடத்துவது. வார இறுதி நாட்களில், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். காலையில் பரிசல், மதியம் பழங்குடிப் பெண்கள் சமைத்த சாப்பாடு, பிற்பகல் அத்திக்கடவு ஆற்றில் குளியல். கட்டணம் அந்த ஊர்க் குடும்பங்களுக்கே வருமானமாகிறது. ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தேர்ந்தெடுப்பேன்.

வீட்டுக்கு மீன் கொண்டுபோவது

கிளம்புகிற நாள் காலையில் வாங்குங்கள், முதல் நாளே வாங்கி வைக்காதீர்கள். குடலையும் செவுளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், ஆனால் துண்டு போட வேண்டாம். முழு மீன் நெடுநேரம் தாங்கும். தெர்மகோல் பெட்டியில் அடியில் ஐஸ், மேலே மீன், அதன்மேல் மறுபடி ஐஸ். மீனுக்கு நிகரான எடையில் ஐஸ் இருந்தால் கோவை, சேலம் வரை கவலையில்லை. சென்னை என்றால் வழியில் ஒரு முறை உருகின தண்ணீரை வடித்துவிட்டுப் புது ஐஸ் போட்டுக்கொள்ளுங்கள். பேருந்தில் போகிறவர்கள் பெட்டியின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டால் பக்கத்து இருக்கைக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.